லேபிளும் சரக்கும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் போன வாரம் போனில் கூப்பிட்டு, "ஏதாவது உபயோகமா பேசுப்பா, உன் தொழிலைப் பத்தியே பேசு" என்றார். நான் 1989 முதல் 1992 வரை இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன். படிப்பு முடிந்ததும் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். பிறகு பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றிக் கொடுப்பதே என் தொழிலாகிவிட்டது. முப்பது வருஷமாகப் படங்களைச் சுருக்குவதும், சுருக்கியதற்குப் பெயர் எழுதுவதும்தான் வேலை. அந்தப் பெயரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அந்த விஷயத்தில் நானே ஒரு தப்பு செய்தவன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அரிசிக் கடைக்குப் போகிறோம். மூட்டையில் "பொன்னி" என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே இருப்பதும் பொன்னிதானா என்பது கையை விட்டு அள்ளிப் பார்த்தால்தான் தெரியும். வீடியோ ஃபைலும் அப்படித்தான். பெயரில் "1080 பி" என்று இருக்கும், "எச்.டி." என்று இருக்கும், "ப்ளூரே" என்று இருக்கும். இந்த லேபிளை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கம்ப்யூட்டர் தடுக்காது. ஆகையால் பெயரைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். சரக்கு எங்கிருந்து வந்தது? எப்படிச் சுருக்கப்பட்டது? வழியில் எத்தனை கை மாறியது?

முதலில் மூலம். நம் காலத்து வி.எச்.எஸ். கேசட் 1976-இல் ஜப்பானில் வந்தது. நம் நாட்டு டெலிவிஷன் முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576. ஆனால் வி.எச்.எஸ். நாடாவில் குறுக்குவாட்டில் சுமார் 240 கோடுகள் அளவு நுணுக்கம்தான் பதியும். அடுத்து, 1993-இல் வி.சி.டி.க்கான விதிமுறை வந்தது. அதில் படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிகள். ஒரு வட்டில் 74 நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் மூன்று வட்டு மாற்ற வேண்டும், ஞாபகம் இருக்கிறதா? 1996-இல் டி.வி.டி. வந்தபோது 720-க்கு 576 ஆனது. 2006-இல் ப்ளூரே வந்தபோது 1920-க்கு 1080 ஆனது.

இதைப் பெருக்கிப் பாருங்கள். வி.சி.டி.யில் சுமார் ஒரு லட்சம் புள்ளிகள். டி.வி.டி.யில் நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ப்ளூரேயில் இருபது லட்சத்துக்கும் மேல். ஒரு லட்சம் புள்ளியாக இருந்த படத்தை இருபது லட்சம் புள்ளியாக நீட்டிவிட முடியும். மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் மூலத்தில் இல்லாத நுணுக்கம் அதில் எங்கிருந்து வரும்? ஃபைலின் விவரத்தில் 1920-க்கு 1080 என்றுதான் காட்டும், அது பொய்யும் அல்ல. ஆனால் பார்ப்பவன் அதிலிருந்து புரிந்துகொள்வது பொய். இந்த வித்தியாசத்தைத் தம்பிமார்கள் மனதில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, சுருக்கம். ஏன் சுருக்க வேண்டும்? 1920-க்கு 1080 அளவில், விநாடிக்கு 25 படம் வீதம், சுருக்காமல் வைத்தால், நிறத்தின் நுணுக்கத்தை வழக்கம்போல் குறைத்து வைத்தாலும், விநாடிக்கு சுமார் 78 மெகாபைட் ஆகும். ஒரு மணி நேரத்துக்கு 280 ஜிகாபைட். எந்த வீட்டில் இடம் இருக்கிறது?

அதற்கு வழி காட்டிய கணக்கு 1974 ஜனவரியில் ஓர் ஆய்விதழில் வெளியானது. எழுதியவர்கள் மூவர்: நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். ராவ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். டி.சி.டி. என்று சுருக்கமாகச் சொல்லும் அந்தக் கொசைன் உருமாற்றம், படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு சதுரத்திலும் மெதுவாக மாறும் பகுதி எது, படபடவென்று மாறும் நுணுக்கம் எது என்று பிரித்துக் காட்டுகிறது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கத்தைக் குறைத்துவிட்டால் ஃபைல் சிறுத்துவிடும். இந்த யோசனைக்கு 1972-இல் நசீர் அகமது ஆராய்ச்சி நிதி கேட்டார். அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனம் தர மறுத்துவிட்டது. அவர் விடவில்லை. இன்று உங்கள் செல்போனில் எடுக்கும் ஜே.பெக் போட்டோவிலும் அந்தக் கணக்கு இருக்கிறது. வி.சி.டி., டி.வி.டி., இன்றைய பெரும்பாலான வீடியோ ஃபைல்கள் ஆகியவற்றிலும் அதுவோ, அதன் வழிவந்த முறையோ இருக்கிறது. ப்ராஜெக்ட்டுக்குப் பணம் கிடைக்கவில்லை என்று வருத்தப்படும் மாணவர்களுக்காக இதைச் சொன்னேன்.

ஆனால் ஒன்று. இந்தச் சுருக்கத்தில் தூக்கிப் போட்டது போட்டதுதான், திரும்ப வராது. எவ்வளவு தூக்கிப் போடுகிறோம் என்பதை பிட்ரேட் தீர்மானிக்கிறது. விநாடிக்கு எத்தனை பிட் செலவழிக்கிறோம் என்ற கணக்கு அது. வி.சி.டி.க்கு படத்துக்காக 1.15 மெகாபிட். டி.வி.டி.க்கு அதிகபட்சம் 9.8. ப்ளூரேக்கு 40 வரை போகலாம். மூன்று மணி நேரப் படத்தை 700 மெகாபைட்டுக்குள் அடைத்து "1080 பி" என்று பெயர் வைத்தால், ஒலியையும் சேர்த்து விநாடிக்கு அரை மெகாபிட்தான் கிடைக்கிறது. இருட்டுக் காட்சி, மழை, திருவிழாக் கூட்டம் வந்தால் படம் சதுரம் சதுரமாக உடையும். அதைவிடச் சின்ன அளவில் போதுமான பிட்ரேட்டோடு இருக்கும் படம் நன்றாகவே தெரியும்.

இன்னொரு விஷயமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2003-இல் வந்த எச்.264 முறை ஒரு தரத்தைக் காட்ட எவ்வளவு பிட் செலவழிக்கிறதோ, 2013-இல் வந்த எச்.265 ஏறக்குறைய அதில் பாதியில் அதே தரத்தைக் காட்டும். ஆகவே பிட்ரேட் எண்ணை மட்டும் தனியாகப் பார்த்துவிட்டு நல்லது கெட்டது சொல்லக்கூடாது. எந்த முறையில் சுருக்கியது என்பதும் தெரிய வேண்டும்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. என்பதெல்லாம் தரத்தின் பெயர் அல்ல. அவை டப்பாவின் பெயர். ஒரே சுருக்கத்தைப் பல டப்பாக்களில் போடலாம். எம்.கே.வி. என்பது மட்ரோஸ்கா, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைக்கும் ரஷ்ய மரப்பொம்மையை நினைத்து வைத்த பெயர். எவர்சில்வர் டப்பாவில் போட்டதனால் பழைய சோறு பிரியாணி ஆகிவிடாது.

இப்போது சினிமா ஃபைல்களுக்கு வருகிறேன். முன் வரிசையில் இருக்கும் தம்பிகள் சிரிப்பது தெரிகிறது! "கேம்" என்றால் தியேட்டரில் உட்கார்ந்து கேமராவில் திருட்டுத்தனமாக எடுத்தது. முன் சீட்டுக்காரர் தலை கூடத் தெரியும். "டி.எஸ்." என்றால் படம் கேமராவில், ஒலி மட்டும் தியேட்டரின் ஒலிக் கருவியிலிருந்து நேராக. "டி.வி.டி. ரிப்" என்றால் வட்டிலிருந்து எடுத்துச் சுருக்கியது. "வெப்-டிஎல்" என்றால் இணையச் சேவை கொடுத்த ஃபைல், மறுபடி சுருக்காமல். "வெப்-ரிப்" என்றால் அங்கிருந்து பிடித்து மறுபடி சுருக்கியது. "ரீமக்ஸ்" என்றால் வட்டில் இருந்த சரக்கையே தொடாமல் வேறு டப்பாவுக்கு மாற்றியது.

இந்தப் பெயர்களைப் புழக்கத்தில் விட்டவர்கள் பெரும்பாலும் திருட்டுப் பிரதி எடுக்கும் கூட்டத்தார். அந்த வேலையை நான் ஆதரிக்கவில்லை. 2023-இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி, தியேட்டரில் படத்தைப் பதிவு செய்தால் மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, மூன்று லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம். விளையாட்டு இல்லை. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அந்தக் கூட்டத்திலேயே கூட, பெயர் தப்பாகப் போட்டு வந்த பிரதியைத் தங்களுக்குள் தள்ளுபடி செய்துவிடுவார்கள். திருட்டு வேலை செய்கிறவனுக்குக் கூட மூலம் என்ன என்று சரியாக எழுத வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. நேர்மையாகத் தொழில் செய்த எனக்கு அது தெரியவில்லை. அதுதான் நான் சொல்ல வந்த கதை.

1991 கல்லூரி நாள் விழா பலருக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் அன்று மிருதங்கம் வாசித்தான். விழா முழுவதும் வி.எச்.எஸ்.ஸில் பதிவானது. அந்த கேசட் மதுரையில் இன்னொரு நண்பன் வீட்டில் பத்திரமாக இருந்தது. 2002-இல் பத்தாம் வருஷச் சந்திப்புக்காக அதை வாங்கி, நான் வி.சி.டி.யாக மாற்றி எல்லாருக்கும் கொடுத்தேன். வி.எச்.எஸ்.ஸில் ஒரு விநாடிக்கு 50 பாதிப் படங்கள் இருக்கும். வி.சி.டி.க்கு மாற்றும்போது அதில் 25-ஐத் தூக்கிப் போட்டேன். அன்றைக்கு அதுதான் வழக்கம். அதில் தப்பு இல்லை.

2012-இல் இருபதாம் வருஷச் சந்திப்பு. எல்லார் வீட்டிலும் பெரிய டி.வி. வந்துவிட்டது. "எச்.டி.யில கொடுடா" என்றார்கள். மதுரைக்குப் போய் கேசட்டை வாங்கி வர எனக்குச் சோம்பல். கையில் இருந்த வி.சி.டி.யையே 1920-க்கு 1080 ஆக நீட்டி, விநாடிக்கு 4.4 மெகாபிட்டில் ஃபைல் போட்டேன். இரண்டு மணி நேரம், நாலு ஜிகாபைட். ஒரு டம்ளர் பாலில் தண்ணீர் ஊற்றி நாலு டம்ளர் ஆக்கிய கதைதான். அதற்கு என் கையால் பெயர் எழுதினேன்: "கல்லூரி நாள் 1991 - எச்.டி. 1080 பி - ஒரிஜினல்."

2016-இல் மதுரை நண்பன் வீடு மாற்றினான். பரணிலிருந்து கேசட்டை இறக்கிப் பார்த்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. "அதான் எச்.டி.லயே ஒரிஜினல் இருக்கே, இது எதுக்கு" என்று பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவன் லேபிளை நம்பினான். அந்த லேபிளை எழுதியவன் நான்.

2019-இல் மிருதங்கம் வாசித்த நண்பன் மாரடைப்பில் போய்விட்டான். இரண்டு வருஷம் கழித்து அவன் மகள் எனக்குப் போன் செய்தாள். "அங்கிள், அப்பா மேடையில வாசிக்கிற படம் ஒண்ணு பெரிசா பிரிண்ட் போடணும். ஃபைல்ல எச்.டி.ன்னு போட்டிருக்கு. ஆனா நான் நிறுத்திப் பார்த்தா மூஞ்சியே தெரியலை. எனக்கு எடுக்கத் தெரியலையா?" என்று கேட்டாள். தப்பு தன்னுடையது என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

இங்கே ஒரு மாணவர் மனதில் கேள்வி எழும். இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள் இருக்கிறதே, அதில் கொடுத்தால் முகத்தைத் தெளிவாக்கித் தராதா? தரும். நானும் முயற்சி செய்தேன். கண், மூக்கு, மீசை எல்லாம் சுத்தமாக வந்தது. ஆனால் அது அவன் முகம் இல்லை. ஆயிரக்கணக்கான பிறர் முகங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள், ஓர் ஊகத்தில் வரைந்து கொடுத்த யாரோ ஒருவர் முகம். அதை அந்தப் பெண்ணிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு தடவை லேபிளில் பொய் எழுதியாகிவிட்டது. மறுபடி முகத்திலேயே எழுதச் சொன்னால் எப்படி?

உண்மையைச் சொன்னேன். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு அலைந்தேன். கடைசியில், அந்த விழாவைத் தொகுத்து வழங்கிய நம் பேராசிரியர் ஒருவர் வீட்டு பீரோவில், அப்போதே அவருக்குப் போட்டுக் கொடுத்த ஒரு பிரதி கிடைத்தது. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு எடுத்த பிரதி. வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழைய மெஷின் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஹெட்டைத் துடைத்து, நாடாவைச் சுத்தம் செய்து, மூன்று தடவை ஓட்டிப் பதிவு செய்தேன்.

ப்ளூரே மாதிரி வரவில்லை. வராது. ஆனால் விநாடிக்கு அந்த 50 பாதிப் படங்களும் இருந்தன. வி.சி.டி.யில் வெறும் சதுரமாக இருந்த விரல்கள் இதில் விரல்களாகத் தெரிந்தன. அவன் தனியாவர்த்தனம் முடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்த வயலின்காரரைப் பார்த்துச் சிரிப்பது தெரிந்தது. இந்தத் தடவை பெயரை இப்படி எழுதினேன்: "கல்லூரி நாள் 1991 - மூலம் வி.எச்.எஸ்., இரண்டாம் பிரதி - 720-க்கு 576 - நீட்டவில்லை, திருத்தவில்லை."

மகள் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நல்லாத்தானே அங்கிள் இருக்கு, எதுக்கு இரண்டாம் பிரதின்னு எழுதியிருக்கீங்க?"

"இதைவிட நல்லது யார்கிட்டயாவது இருக்கலாம்மா. இப்படி எழுதி வச்சாத்தான் தேடுவாங்க" என்றேன்.

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். "ஒரிஜினல்" என்று பொய்யாக எழுதினால் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. மூலம் இன்னும் எங்கேயோ இருந்தாலும் அதைக் குப்பையில் போட வழி செய்கிறது. குறையை உள்ளபடி எழுதினால் பின்னால் வருகிறவனுக்கு வழி திறந்திருக்கும்.

வந்ததற்கு உபயோகமாகச் சில குறிப்புகள் சொல்லி முடிக்கிறேன்.

ஒரு ஃபைல் கையில் வந்தால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். அளவு, பிட்ரேட், சுருக்கிய முறை, விநாடிக்கு எத்தனை படம் எல்லாம் சொல்லும். மூலம் எது என்பதை மட்டும் அது உறுதியாகச் சொல்லாது. அதற்கு உங்கள் கண்தான் வேண்டும். படத்தை நிறுத்தி, தலைமுடியையும் போர்டில் உள்ள எழுத்தையும் பாருங்கள். படத்தின் அடி ஓரத்தில் ஒரு கோணல் கோடு நடுங்கினால், அது எந்தப் பெயரில் வந்தாலும் நாடாவில் பிறந்தது. சந்தேகம் இருந்தால் ஒரு படத்தைச் சிறிதாக்கி மறுபடி பெரிதாக்குங்கள். எதுவும் குறைந்த மாதிரி தெரியவில்லை என்றால், அந்தப் பெரிய அளவில் கூடுதலாக ஒன்றும் இருந்ததில்லை என்று அர்த்தம்.

பழைய கேசட்டை மாற்றும்போது முதல் ஃபைலை அதிகம் சுருக்காதீர்கள். டி.வி. முறையில் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிகாபைட் ஆகும், ஆகட்டும். எஃப்.எஃப்.வி.1 என்ற முறையில் எதையும் இழக்காமலே சுருக்கலாம். இடம் மட்டும் இன்னும் அதிகம் பிடிக்கும். அதைத் தாய்ப்பிரதி என்று எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள். போனில் பார்க்கச் சின்னதாக ஒன்று போட்டு, அதற்குப் பார்வைப் பிரதி என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோவை அது மறுபடி சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் உள்ளது உள்ளபடி போகும்.

பெயரில் ஐந்து விவரம் போதும். என்ன நிகழ்ச்சி, எந்த வருஷம், எதிலிருந்து எடுத்தது, எத்தனையாவது பிரதி, யார் எப்போது மாற்றியது. "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஃபைனல் புதுசு" என்று எழுதும் தம்பிகள் இதை உங்கள் ப்ராஜெக்ட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் பீரோவிலும் நம் கல்லூரி விழா கேசட் எது இருந்தாலும், பூஞ்சை பிடித்திருந்தாலும், சங்கத்திடம் கொடுங்கள். மாற்றித் தருவது என் பொறுப்பு, காசு வேண்டாம். கேசட்டையும் ஃபைலையும் சேர்த்தே திருப்பித் தருகிறேன். ஃபைல் இருக்கிறதே என்று கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1991 விழாவின் வேறு பிரதி யாரிடமாவது இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். ஒரு பெண்ணுக்கு நான் இன்னும் ஒரு படம் பிரிண்ட் போட்டுத் தர வேண்டியிருக்கிறது.